துலாக்கோலும் போர்க்களமும்

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட காலத்தில், அறிவைத் தொகுக்கும் பணி கற்றறிந்தார் சிலரின் பொறுப்பாக இருந்தது. 1954-இல் தொடங்கிய அம்முயற்சி 1968-இல் நிறைவெய்தியது. எழுதியவர் இன்னார், திருத்தியவர் இன்னார் என்பதை வாசகர் அறிவர். ஐயம் எழுந்தால் அவரையே கேட்கலாம். இன்று அந்நிலை தலைகீழாகிவிட்டது. 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தோன்றிய விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம், எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம், ஊதியம் இல்லை, பட்டமும் கேட்கப்படுவதில்லை. பள்ளி மாணவன் தன் ஒப்படைப்புக்காக முதலில் தேடிச் செல்வதும் அங்கேதான். அவன் ஆசிரியர் சரிபார்க்கச் செல்வதும் பெரும்பாலும் அங்கேதான்.

எழுதுபவர் யாரென்று தெரியாத இடத்தில் எழுதப்பட்டதை நம்புவதற்கு ஏதேனும் ஓர் ஆதாரம் வேண்டுமன்றோ? அதற்காக அத்தன்னார்வலர்கள் மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டனர். நடுநிலை நோக்கு வேண்டும். எழுதியதெல்லாம் வெளியான சான்றைக்கொண்டு சரிபார்க்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். எழுதுபவர் தம் சொந்த ஆய்வைப் புகுத்தலாகாது. தென்னையைப் பற்றியோ, பேராக் ஆற்றைப் பற்றியோ எழுதும்போது இந்நெறிகளால் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. போரைப் பற்றி எழுதும்போதுதான் இவை மூன்றும் கூர்மையடைந்து கையை அறுக்கத் தொடங்குகின்றன.

இதற்கு இலங்கைப் போரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழருக்கு வேறில்லை. 1983 முதல் 2009 வரை நடந்த அப்போர் மண்ணில் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தபோதே, ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்கங்களிலும் ஒரு போர் நடந்தது. ஒருவர் எழுதுவார், மற்றொருவர் அழிப்பார், முன்னவர் மீண்டும் எழுதுவார். ஒரே நாளில் மூன்று முறைக்குமேல் பிறர் எழுத்தை மீளழிப்போர் தடைசெய்யப்படுவர் என்னும் விதியும் அச்சினத்தைத் தணிக்கவில்லை. அந்நிலையில் 2006-ஆம் ஆண்டில் சிங்களரும் தமிழரும் இருசாராரையும் சேராத வேற்றுநாட்டவரும் கூடி, இலங்கை நல்லிணக்கத்திற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தனர். அக்குழு செய்த வேலை போர் பற்றிய தீர்ப்பு வழங்குவதன்று. சான்றுகளைத் தரம் பிரிப்பது. தமிழ்நெட் போன்ற செய்தித்தளங்களைப் புலிகளின் சார்புடையவை என்ற குறிப்புடனும், இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் தளத்தை அரசின் சார்புடையது என்ற குறிப்புடனும் மட்டுமே எடுத்தாளலாம் என்று வகுத்தனர். இருவர் கூற்றையும் பெயர் சொல்லித்தான் பதிய வேண்டும். எவர் கூற்றையும் பெயரின்றி உண்மையென நிறுத்தலாகாது. உடன்பாடு எட்டாத இனத்தவர் நடுவே, ஊதியமில்லாத் தன்னார்வலர் கண்ட இவ்வழி எளிதில் இகழத்தக்கதன்று.

ஆயினும் இரு திசையிலிருந்தும் அதை இகழ்வோர் உளர். அவர்தம் வாதங்களை எடுத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சாரார், நடுநிலையை நடுவில் நிற்றலாகப் பொருள் கொள்வோர். இரு தரப்பும் இரு வேறு எண்ணைச் சொன்னால் இடைப்பட்ட எண்ணை எழுதுவதே அறம் என்பது இவர் துணிபு. இத்துணிபு எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைப் போரின் இறுதி மாதங்களில் மாண்ட பொதுமக்கள் பற்றிய கணக்கு காட்டும். பொதுமக்கள் எவரும் மடியவில்லை என்னும் பொருள்பட இலங்கை அரசு நெடுநாள் பேசிவந்தது. அவ்வளவு பெரிய போரில் உயிரிழப்பே இல்லாதிருத்தல் இயலாது என்று அதன் பாதுகாப்பு அமைச்சே 2011-இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2008 ஆகஸ்டு முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டதாக ஐக்கிய நாடுகள் அவையின் இலங்கைப் பணியாளர் தொகுத்த ஆவணம் கணக்கிட்டது. அதன்பின் எண்ண இயலாமற் போயிற்று. மார்சுக்கி டாருஸ்மான் தலைமையிலான வல்லுநர் குழு 2011-இல் அளித்த அறிக்கை, 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என நம்பத்தக்க வட்டாரங்கள் மதிப்பிட்டதாகக் கூறிற்று. 2012-இல் வெளியான ஐ.நா.வின் உள்ளக ஆய்வறிக்கை, 70,000-க்கும் மேற்பட்டோரைப் பற்றிய கணக்கு இல்லை என்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் இலங்கை அரசின் விசாரணை ஆணைக்குழுவின் முன் வைத்த எண் 1,46,679.

இவற்றையெல்லாம் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஒரு விடை கிடைக்கும். ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுவிடக்கூடிய கணக்கு. அவ்விடைக்கு ஏதேனும் பொருளுண்டோ? அவ்வெண்ணில் மாண்டோர் எவரும் இல்லை. அது எந்தச் சாட்சியின் வாயிலும் பிறந்ததன்று. இந்த எண்கள் ஒரே வினாவுக்கு வந்த ஐந்து விடைகளும் அல்ல. 7,721 என்பது எண்ண முடிந்தவரை எண்ணியது. 40,000 என்பது மதிப்பீட்டின் மேல்வரம்பு. 70,000 என்பதும் 1,46,679 என்பதும் மாண்டோர் தொகையல்ல, கணக்கில் வராதோர் தொகை. ஆயரின் எண்ணோ வெறும் கழித்தல்: 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோராக அரசின் மாவட்டச் செயலகங்களே பதிந்த 4,29,059 பேரிலிருந்து, அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்துசேர்ந்தோராகக் கூறப்பட்ட 2,82,380 பேரைக் கழித்தார்; எஞ்சியோர் என்ன ஆயினர் என்று வினவினார். அவர் கேட்டது வினா. அதனை மாண்டோர் தொகையென எழுதும் தமிழ் ஆர்வலரும், பொய்யென்று துடைத்தெறியும் எதிர்த்தரப்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர்: அவர் சொன்னதை இருவருமே படிக்கவில்லை.

வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதற்குத் துலாக்கோலை உவமையாக்கினார். துலாக்கோல் இரு தட்டிலும் ஒரே எடையை வைக்கும் கருவியா? தட்டில் வைத்ததன் எடை எதுவோ அதனை உள்ளபடி காட்டும் கருவி அது. கொப்பரையைக் குறைத்து நிறுத்த வணிகனையும், உழைத்துக் காயவைத்த கூலியாளையும் ஒப்ப மதித்து எடையைப் பாதியாக்கும் தராசைப் பாகான் டத்தோ தென்னந்தோட்டத்தில் எவன் ஏற்பான்? சான்று மிக்க கூற்று தாழ்வதும், சான்றற்ற கூற்று மேலெழுவதுமே நடுநிலை. விக்கிப்பீடியாவின் நெறியும் உண்மையில் இதுவே: ஒவ்வொரு கருத்துக்கும் நம்பத்தக்க சான்றுகளில் அதற்குள்ள இடத்தின் அளவே இடம். இதனை மறந்து சமபங்கு கேட்போர் நடுநிலையாளர் அல்லர். சான்று குறைந்த தரப்பின் வழக்கறிஞர்.

இரண்டாம் சாரார் இவருக்கு நேர்மாறானவர். தமிழன் எழுதும் கலைக்களஞ்சியத்தில் தமிழனுக்குக் குறையாவது எதற்கு இடம்பெற வேண்டும் என்பது இவர் கேள்வி. பகைவன் தன் மொழியில் தனக்கேற்ப எழுதுகிறான். தமிழன் மட்டும் ஏன் பழி சுமக்க வேண்டும் என்பர். கேட்பதற்கு இனப்பற்றுப்போல் ஒலிக்கும் இவ்வாதம் இனத்தின் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும்.

1990 ஆகஸ்டு 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். புலிகள் மறுத்தாலும், அக்கொலை அவர்கள்மீதே சாற்றப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாண முசுலிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களும் தமிழையே தாய்மொழியாகக் கொண்டோர். அவ்வெளியேற்றம் தவறென 2002-இல் புலிகளின் மதியுரைஞர் அன்ரன் பாலசிங்கமே ஒப்புக்கொண்டார். டாருஸ்மான் குழுவின் அறிக்கையும் அரசின் குண்டுவீச்சோடு நிறுத்தவில்லை. மக்களைக் கேடயமாகப் பிடித்துவைத்தனர், தப்பியோட முயன்றோரைச் சுட்டனர், சிறுவரைப் படையில் சேர்த்தனர் எனப் புலிகள்மீதும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகளைப் பதிந்தது. 40,000 என்னும் எண்ணுக்கு அவ்வறிக்கையைச் சான்றாகக் காட்டுபவர், அடுத்த பக்கத்தை மட்டும் கிழித்தெறிவது எவ்வாறு பொருந்தும்? ஒரு பக்கத்தை நம்பத்தகாததென்று சொன்ன நாளே மறுபக்கமும் நம்பத்தகாததாகிவிடுகிறது. தன் தரப்பின் குற்றத்தை எழுதும் கையே, பிறர் குற்றத்தைச் சுட்டும்போது நம்பப்படும்.

தன் மொழிக் களஞ்சியத்தைத் தன் இனத்தின் கோட்டையாக்கினால் என்ன விளையும் என்பதற்குக் குரோவாசிய மொழியின் விக்கிப்பீடியா சான்று. அங்கு நிருவாகப் பொறுப்பைக் கைப்பற்றிய ஒரு குழுவினர், இரண்டாம் உலகப்போரில் தம் நாட்டில் நடந்த கொடுமைகளை மழுக்கினர். படுகொலை நடந்த யாசெனோவாச் முகாமை வெறும் தொழிலாளர் முகாம்போல் தோன்றச் செய்தனர். எதிர்த்து எழுதியோரை வெளியேற்றினர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்த அத்திரிபை, விக்கிமீடியா அறக்கட்டளை ஏற்பாடு செய்த ஆய்வு 2021-இல் அம்பலப்படுத்தியது. பத்தாண்டு என்பது ஒரு தலைமுறை மாணவரின் பள்ளிக்காலம். அம்மாணவர் பொய்யைப் படித்தனர். உலகோ அம்மொழியின் களஞ்சியத்தையே ஐயுற்றது. எவரை உயர்த்துவதாகக் கூறித் தொடங்கினரோ, அவரையே தாழ்த்தி முடித்தனர்.

இவ்விருசாராரையும் மறுத்தபின் மூன்றாவதாக ஒரு வாதம் எஞ்சுகிறது. அது மறுக்க வேண்டிய வாதமன்று. எதிர்கொள்ள வேண்டிய வாதம். ‘வெளியான சான்று இல்லாததை எழுதலாகாது என்கிறீர், சான்றே பிறவாமற் செய்யப்பட்டவர் என்ன செய்வர்?’ என்பதே அது.

இக்கேள்வியில் நியாயம் உண்டு. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு, பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாதெனக் கூறி ஐ.நா. பணியாளரையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் செய்தது. சார்பற்ற செய்தியாளர் எவரும் போர்முனைக்குச் செல்ல இயலவில்லை. தமிழ்நெட்டின் மூத்த ஆசிரியர் தராகி சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அரசைக் கண்டித்தெழுதிய சிங்களச் செய்தியாசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 சனவரி 8-இல் கொல்லப்பட்டார். அதற்கும் முன்னர், 1981 சூன் முதல் நாள் நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. சான்றாளரை விரட்டி, சான்றெழுதுவோரைக் கொன்று, சான்று வைத்த வீட்டையும் எரித்தபின், ‘சான்று எங்கே?’ என்று கேட்பது எத்தகைய நடுநிலை? சான்றின்மை எப்போதும் நிகழ்வின்மை ஆகாது. சில வேளைகளில் சான்றின்மையே குற்றத்தின் ஒரு பகுதி.

இதனை உணர மலேசியத் தமிழர் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா மரண ரயில் பாதையில் 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். அவருள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனாபுரியின் போர்க்கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. அவர்க்குப் படைப்பதிவேடு இருந்தது. வீட்டுக்குச் சேதி சொல்ல அரசு இருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 90,000 என்பர். அதனினும் மிகுதி என்போரும் உளர். அவர் பெயர்ப்பட்டியல் எங்கே? ஒரு சாராரின் சாவு எண். மற்றொரு சாராரின் சாவு மதிப்பீடு. பெயருள்ள பன்னிரண்டாயிரவர்க்கு நூல்கள் எழுந்தன, திரைப்படம் எழுந்தது. அந்நூல்களே இன்று நம்பத்தக்க சான்றுகளாகி, களஞ்சியக் கட்டுரையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. சான்றின் அளவே இடம் என்னும் நெறி, சான்று எழுதும் வாய்ப்புப் பெற்றோர்க்கே மிகுந்த இடத்தை அளிக்கிறது. இது நெறியின் குருட்டுப்புள்ளி, மறைப்பதில் பயனில்லை.

அப்படியானால் நெறியையே தூக்கி எறியலாமோ? கூடாது. காரணம் எளிது. சான்று வேண்டாம் என்ற விதி வந்தால், உரத்த குரலும் மிகுந்த ஆளும் உடையவன் எழுதியதே நிலைக்கும். இலங்கையில் அந்த எண்ணிக்கை எவருக்குச் சாதகம்? உலகில் அந்த வலிமை எவருக்கு? எளியவனுக்குச் சான்றைத் தவிர வேறு படைக்கலம் இல்லை. சட்டம் ஏழைக்குக் கடுமையாக இருக்கிறதென்று சட்டமே வேண்டாமென்று சொன்னால், தடியெடுத்தவனே தண்டல்காரன் ஆவான்.

மேலும், காலத்தால் பிந்திய சான்று முந்திய பொய்யை வெல்லும் என்பதற்கு மலாயா மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1948 டிசம்பர் 12-இல் சிலாங்கூரின் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற 24 பேரைச் சுட்டுக்கொன்றனர். தப்பியோடும்போது சுடப்பட்டனர் என்பது அன்றைய அரசின் கூற்று; அன்றைய நாளேடுகளின் செய்தியும் அதுவே. அந்நாளில் ஒரு தன்னார்வலர் நெறி பிசகாமல் கட்டுரை எழுதியிருந்தால் பொய்யைத்தான் எழுதியிருப்பார். 1970-இல் அப்படையினர் சிலரே, எவரும் தப்பியோடவில்லை என்று இங்கிலாந்துச் செய்தித்தாளொன்றில் வாக்குமூலம் அளித்தனர். பொது விசாரணைக்கு ஆணையிட 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டாலும், மாண்டோரின் உறவினர் விடாது வழக்காடியதால் மறைந்திருந்த ஆவணங்கள் தீர்ப்புரைகளில் ஏறின. இன்று பழைய கூற்று, ‘அரசின் கூற்று’ என்ற பெயரோடு மட்டுமே நிற்கிறது. அதை வீழ்த்தியது கூச்சலா? வாக்குமூலமும் வழக்கும் ஆவணமும் அல்லவா?

சொல்லைத் தேர்வதிலும் இதுவே வழி. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பயங்கரவாதி என்பதா, தியாகி என்பதா? அவசரகாலக் கிளர்ச்சியாளரை முதலில் கொள்ளையர் என்றழைத்த ஆங்கில அரசு, 1952 முதல் அவர்களைப் பொதுவுடைமைப் பயங்கரவாதிகள் என்றழைத்தது. ஆள் மாறவில்லை, அடைமொழி மாறியது. ஆகவே அடைமொழியை விட்டுச் செயலை எழுதுக. அடைமொழி தேவையாயின் யார் சூட்டியது என்று எழுதுக. தூக்கிலிடப்பட்ட நாளையும் சாற்றப்பட்ட குற்றத்தையும் அவர் வகித்த பொறுப்பையும் உள்ளபடி எழுதினால், முடிவுக்கு வரும் அறிவு வாசகனுக்கு உண்டு.

எனவே செய்யத்தக்கது ஒன்றே: சான்றை உண்டாக்குதல். ஈழத்தமிழர் சிலர் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் தன்னார்வப் பணி இதற்கு வழிகாட்டி. எரிந்த நூலகத்திற்காக அழுதவர் பலர். அவரோ எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் சிறுவெளியீடுகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, எவரும் படிக்கும்படி வைத்தனர். இன்று இலங்கைத் தமிழர் பற்றி எழுதும் தன்னார்வலர் கைநீட்டி எடுக்கச் சான்று இருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு அவர் உழைப்பால் வந்தது.

பேராக்கின் தோட்டப்புறத் தமிழர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாகான் டத்தோவிலும் ஊத்தான் மெலிந்தாங்கிலும் பழைய தோட்டங்கள் கைமாறின; லயங்கள் இடிந்தன. செக்ரோல் ஏடுகள் கரையான் வாய்ப்பட்டன. கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், தொழிற்சங்கக் கிளையின் கூட்டக்குறிப்பு ஆகியவற்றைப் பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிட்டு, ‘வரலாற்றில் எங்களுக்கு இடமில்லை’ என்று புலம்புவதில் பயன் என்ன? சப்பானியர் காலத்தைத் தாத்தாவின் வாயால் கேட்டவர்களுக்கே இன்று முதுமை வந்துவிட்டது. கேட்டதை நாளும் இடமும் குறித்துப் பதிவுசெய்து, நூலாகவோ மலராகவோ அச்சிட்டு, தேசிய நூலகத்தில் ஒரு படியைச் சேர்த்துவிட்டால், அதுவே நாளைக்குச் சான்று. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலாயினும், அப்பேரழிவைத் தமிழில் நினைவூட்டும் நூலாக நிற்கிறது; எழுதப்படாமற் போயிருந்தால் அதுவும் இல்லை.

போரைப் பற்றி எழுத முன்வரும் தமிழ்த் தன்னார்வலர் பின்பற்றத்தக்க ஒழுக்கம் நான்கு சொற்களில் அடங்கும். எண்ணை எழுதினால் அது எதை எண்ணியது என்பதையும் எழுதுக. கூற்றை எழுதினால் கூறியவர் பெயரையும் எழுதுக. எதிர்த்தரப்பின் வலிய வாதத்தை அதன் வலிமை குன்றாமல் எழுதுக. தன் தரப்பின் குற்றத்தைப் பிறர் எழுதும்வரை காத்திராமல் தானே எழுதுக. இந்நான்கும் இயலாதவர்க்கு மேடை உண்டு, துண்டறிக்கை உண்டு. அங்கே முழங்குவதில் தவறில்லை. கலைக்களஞ்சியம் அதற்குரிய இடமன்று.

மாண்டவர்க்கு இனி வாதாடும் வாய் இல்லை. அவர் எண்ணிக்கையைக் கூட்டினாலும் பொய், குறைத்தாலும் பொய். இரண்டாலும் அவர் இரண்டாம் முறை சாகின்றனர். உள்ளபடி எண்ணி, எண்ண இயலாததை எண்ண இயலவில்லை என்றே எழுதி, ஏன் இயலாமற் போயிற்று என்பதையும் சான்றோடு எழுதுவதே தமிழர் அவர்க்குச் செலுத்தத்தக்க கடன்.